ஊமைக்கையின் கட்டைவிரல்

குத்துச்சண்டையில் முதல் அடி விழுவதற்கு முன்பே ஒரு முக்கியமான வேலை நடந்து முடிந்துவிடுகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை. வீரனின் இரண்டு கைகளையும் துணிச்சுருளால் சுற்றிக் கட்டுவதுதான் அந்த வேலை.

அடி வலிக்காமல் இருக்கத்தான் இந்தக் கட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மெத்தை வேலையைக் கையுறையே பார்த்துக்கொள்ளும். நம் கை ஒரே எலும்பால் ஆனதல்ல. பொடிப்பொடியான எலும்புகளை நார்களால் இழுத்துக் கட்டிய ஒரு மூட்டை அது. வேகமாகக் குத்தும்போது அந்த எலும்புகள் விசிறி மாதிரி விரியப் பார்க்கும். விரியவிடாமல் மொத்தத்தையும் ஒரே கட்டியாக்கி மணிக்கட்டோடு பூட்டுவதற்குத்தான் இந்தத் துணி. கட்டு சரியாக இருந்தால் ஒரு மனிதன் தன் முழு எடையையும் நான்கு விரல் கணுக்களின் வழியாக இன்னொருவன் மேல் இறக்க முடியும். சரியில்லை என்றால் உடைவது அடித்தவனின் கைதான்.

எனக்கு இதெல்லாம் தெரிந்ததற்குக் காரணம் இரண்டு. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டு போடுவது என் பிழைப்பு. என் தம்பி குத்துச்சண்டைக்காரன். அவன் கைகளை நான்தான் கட்டுவேன். "உனக்கென்னப்பா, வீட்டிலயே டாக்டர்," என்பார் அவன் கோச். நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். அடுத்த தடவையும் அதையே சொல்வார்.

இந்த வேலைக்கு ஒரு விதி இருக்கிறது. ஒருவன் கையைக் கட்டும்போது எதிரணியிலிருந்து ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். துணிக்குள் கடினமான எதையும் ஒளித்துவிடக் கூடாதல்லவா, அதற்காக. கட்டி முடித்ததும் சங்கத்தின் பரிசோதகர் ஒட்டுப்பட்டையின் மேலேயே பேனாவால் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் அவ்வளவுதான், அதன் பிறகு அந்தக் கட்டை யாரும் தொடக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பியின் கைகளைக் கட்டிக் கையெழுத்தும் வாங்கிய பிறகு, எதிராளியின் அறைக்கு நான்தான் போனேன். தம்பி வாசல்வரை வந்தான்.

"அக்கா, அவன் வலது கைய நல்லாப் பாரு."

"பார்க்கத்தானேடா போறேன்."

"சும்மா பார்க்கிறதில்ல. நல்லா பாரு."

அவன் பயம் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ஜெயிப்பவன் பட்டத்துக்கான சண்டைக்குப் போவான். தோற்றவன் அடுத்த வருடம் மறுபடி வரலாம், வயது இடம் கொடுத்தால். தம்பிக்கு இடம் கொடுக்காது. குத்துச்சண்டை உரிமத்துக்கு வயது வரம்பு இருக்கிறது. அடுத்த வருடம் அவன் அதைத் தாண்டிவிடுவான். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அவன் ஓடிய ஓட்டமெல்லாம் இந்த ஒரு சாயங்காலத்துக்கு வந்து நின்றது. நடுவில் நின்றுகொண்டிருந்தது அந்த வலது கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரனை எல்லோரும் கொக்கு என்று கூப்பிட்டார்கள். நீண்ட கால்கள், நீண்ட கைகள், தலையைச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் வழக்கம். வயது இருபத்திரண்டோ மூன்றோ. விளையாட்டு அரங்கத்தின் சாமான் அறையில், மடித்துச் சுவரில் சாய்த்திருந்த டேபிள் டென்னிஸ் மேசைக்கும் வலைப்பையில் தொங்கிய வாலிபால்களுக்கும் நடுவே, ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகின் மேல் கையை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு மேசை விசிறி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

அவன் கையைக் கட்டியவர் பேண்டேஜ் அண்ணன். குத்துச்சண்டை வட்டாரத்தில் அவரை அறியாதவர் கிடையாது. இரண்டு தலைமுறை வீரர்களின் கைகள் அவர் கை வழியாகத்தான் ரிங்குக்குப் போயின. பரிசோதகர் ஒரு காலத்தில் ஜூடோ ஆடியவர். கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன ஆள். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி, உளவு பார்க்க வந்தியா?" என்றார் பேண்டேஜ் அண்ணன்.

"ஆமாண்ணே. உள்ள என்னத்த ஒளிக்கிறீங்கன்னு பார்க்கணுமே."

"ஒளிக்க என்ன இருக்கு? இவன் எலும்பு ஒண்ணே போதும், கடப்பாரை மாதிரி."

கொக்கு சிரித்தான். "ஆடாதடா," என்று அவன் முழங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டு இடது கையை எடுத்துக்கொண்டார்.

அவர் கட்டுவதைப் பார்ப்பது ஒரு சுகம். மணிக்கட்டில் மூன்று சுற்று, அங்கிருந்து குறுக்கே ஏறி விரல் கணுக்களின் மேல் ஒரு திண்டு. ஒவ்வொரு விரல் இடுக்கிலும் நுழைந்து திரும்பும் துணி. கடைசியாகக் கட்டைவிரலின் அடியை வளைத்துப் பிடித்து மறுபடி மணிக்கட்டு. எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் கண்ணை விடக் கைக்குத்தான் தெரியும். நடுவில், "மூடு," என்பார். கொக்கு கையை மூடுவான். "திற." திறப்பான். மூடும்போது இறுக்கமாகவும் திறக்கும்போது ரத்தம் ஓடும்படியும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே துணியில் கொண்டுவருவதுதான் வித்தை. பத்து வருடமாகக் கட்டியும் எனக்கு அது பாதிதான் வந்திருக்கிறது.

இடது கை முடிந்தது. பரிசோதகர் வந்து தடவிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையெழுத்து விழுந்தது.

"என்னதான் சொல்லுங்க," என்றார் பரிசோதகர் பேனாவை மூடியபடி. "இவ்வளவு சுத்தி, இவ்வளவு ஒட்டி... எங்க ஜூடோவுல வெறுங்கை போதும்."

"ஏன் சார் போதாது? காலரைப் பிடிச்சு இழுக்கிற விளையாட்டுக்கு எதுக்குக் கட்டு? எங்க ஆளுங்க சட்டையே போட மாட்டாங்க. எதைப் பிடிப்பீங்க?"

"டீச்சர் எதைப் பிடிச்சாங்கன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் கொக்கு நிமிர்ந்தான். ஜூடோவைத் தெரியாதவர்களுக்கும் டீச்சரைத் தெரியும். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஜூடோவில் பெயர் வாங்கிய அம்மா. என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார் என்பார்கள்.

"நான் நேர்ல பார்த்தேன்," என்றார் பரிசோதகர். "ஒரு செய்முறை விளக்கம். கூட்டத்துலேருந்து ஒரு பளுதூக்கி மேல ஏறிட்டான். 'என்னைத் தூக்குங்க பார்ப்போம்'னான். ஆளு பீரோ மாதிரி. டீச்சர் குனிஞ்சு வணக்கம் சொன்னாங்க. அவன் நெட்டித் தள்ளினான். இவங்க எதிர்த்துத் தள்ளல. வழி விட்டாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றான் கொக்கு.

"அவ்வளவுதான். கதவு பூட்டியிருக்குன்னு நினைச்சு முட்டினா திறந்திருக்கும் பாரு, அப்படி ஒரு அடி முன்னால வந்தான். வந்த காலுக்குப் பக்கத்துல இவங்க கால். அடுத்த நொடி அவன் பாய்ல மல்லாந்து கிடக்கிறான். விழுந்தது யாருன்னு தலையைத் திருப்பித் திருப்பி அவனே தேடறான்!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பரிசோதகர் சிரிக்கவில்லை.

"அது பெருசில்ல. எங்க வாத்தியார் அப்புறம் என்கிட்ட கேட்டார், 'அவன் தலை பாய்ல பட்டுதா?'ன்னு. அப்பத்தான் ஞாபகம் வந்தது. படல. கடைசி நேரத்துல அவன் சட்டைக் கையை மேல இழுத்துப் பிடிச்சிருந்தாங்க. அவ்வளவு எடை, அவ்வளவு வேகம். அதுக்கு நடுவுல அதையும் யோசிச்சிருக்காங்க பாருங்க."

நிற்கும் மனிதனின் எடை அவன் இரண்டு பாதங்களுக்கு நடுவே விழுகிறது. அந்த இடத்தை விட்டு அது ஒரு சாண் வெளியே போய்விட்டால், பீரோவைச் சாய்க்க ஒரு விரல் போதும். இது எனக்குத் தெரியும். ஆனால் சாய்கிறவனின் தலையைத் தாங்குவதற்கும் அந்த ஒரு நொடிக்குள் இடம் இருக்கிறது என்று அன்றுவரை நான் நினைத்ததில்லை.

"சரி, பெரிய ஆளுதான்," என்று ஒப்புக்கொண்டார் பேண்டேஜ் அண்ணன், வலது கையை இழுத்து மணிக்கட்டில் துணியை வைத்தபடி. "ஆனா ஊமைக்கை முன்னால நின்னிருக்கணும்."

"அண்ணே, ஊமைக்கை பெரியவரா, இடிக்கை பெரியவரா?" என்றான் கொக்கு. இரண்டுமே அந்தக் காலத்துக் குத்துச்சண்டை வீரர்களின் பட்டப்பெயர்கள்.

"இதென்னடா கேள்வி? இடிக்கை அடிச்சா வெளியே பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். ஊமைக்கை அடிச்சா அடி வாங்கினவனுக்கே கொஞ்சம் கழிச்சுத்தான் தெரியும்."

"அதெப்படி?"

"சத்தம் எங்கேருந்து வருது? தோல்மேல பட்டுத் தெறிக்கிறதுலதான். தெறிச்சது போக மிச்சம்தான் உள்ள போகும். அவர் அடியில தெறிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. மொத்தமும் உள்ள."

பேச ஆரம்பித்ததும் அவர் பார்வை வாலிபால் பையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. கைகள் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தன.

"கோட்டைச்சுவர்னு ஒருத்தன். அவன் தடுப்பை யாரும் திறந்ததில்ல. ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டி வெச்சிருப்பான். நம்ம ஆளு என்ன பண்ணினார் தெரியுமா? அந்த முழங்கை மேலேயே அடிச்சார். ஒரே இடம். ரவுண்டுக்கு ரவுண்டு அதே இடம். ஜனம் கத்துது, 'சுவத்துல ஆணி அடிக்கிறியா?'ன்னு. எனக்கே கோவம். இடைவேளையில கேட்டேன், 'ஏன்யா இப்படி?' ஒரு கண்ணு மூடியே போச்சு, மத்த கண்ணால என்னைப் பார்த்து, 'வலி தாங்குறான், ஆனா கையைத் தூக்க மறந்துடுவான்'ன்னார்."

"தூக்க மறந்தானா?" பரிசோதகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசி ரவுண்டு. அவனுக்கே தெரியாம அந்த முழங்கை கீழ இறங்கிச்சு. ரொம்ப இல்ல, ரெண்டு விரல் அகலம். அந்த ரெண்டு விரல் சந்துல வந்து விழுந்தது பாருங்க! சத்தமே இல்ல. அடி விழுந்ததே தெரியாம நடுவர் விளையாட்டைத் தொடரச் சொல்லிட்டார். கோட்டைச்சுவர் நிக்கிறான். அப்புறம், வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தவன் உட்கார்ற மாதிரி, மெதுவா, பதமா, கீழ உட்கார்ந்தான். எந்திரிக்கல."

கொக்கின் வாய் திறந்திருந்தது. எதிரணி ஆள் என்பதையும் மறந்து, "அப்புறம்?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்புறம் என்ன, இந்தக் கைதான் அந்தக் கையைக் கட்டிச்சு," என்றார் அவர். கடைசி ஒட்டுப்பட்டையைக் கிழித்து ஒட்டி, புறங்கையில் ஒரு தட்டு தட்டினார். "சார், வாங்க."

பரிசோதகர் பேனாவின் மூடியைத் திறந்தார். அப்போதுதான் நான் பார்க்க வந்ததைப் பார்த்தேன்.

திண்டு இருந்தது. விரல் இடுக்குகளில் துணி போயிருந்தது. மணிக்கட்டு வழக்கத்தைவிடக் கனமாகப் பூட்டப்பட்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் தனியாக நின்றது. அதன் அடியை வளைத்துப் பிடிக்கும் சுற்று இல்லை.

அது எங்கிருந்து வந்த கட்டு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊமைக்கைக்குச் சின்ன வயதில் கட்டைவிரல் முறிந்து, அடி மூட்டு கல்லாக இறுகிப்போன கதை எல்லோரும் அறிந்ததே. அசையாத மூட்டைக் கட்டவேண்டியதில்லை. கட்டினால் அவரால் கையை மூட முடியாது. அதனால் பேண்டேஜ் அண்ணன் அவருக்காகவே கட்டைவிரலை விட்டுவிட்டு, மிச்சத் துணியை மணிக்கட்டில் சேர்க்கும் ஒரு கட்டு வைத்திருந்தார். வாய் ஊமைக்கையின் கதையைச் சொன்னபோது கைகள் ஊமைக்கையின் கட்டைப் போட்டுவிட்டன.

ஆனால் கொக்கின் கட்டைவிரல் அசையும். அதன் அடியில், உள்பக்கமாக, ஒரு சின்ன நார் இருக்கிறது. நெற்றியிலோ முழங்கையிலோ குத்து சற்றுத் தவறிப் பட்டால் கட்டைவிரல் வெளியே மடங்கும், நார் அறுந்துபோகும். ஆஸ்பத்திரியில் அப்படி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீக்கம் வற்றியபிறகும் அவர்களால் சாவியைத் திருப்ப முடியாது, பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. அந்தக் கையால் இன்னொரு முறை குத்துவது என்ற பேச்சே இல்லை.

விதியை மீறிய எதுவும் அந்தக் கட்டில் கிடையாது. கூடாதது ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கூடாதது ஒன்றுமில்லை. நான் தலையை ஆட்டினால் போதும், பேனா ஓடிவிடும். இரண்டாவது ரவுண்டிலோ மூன்றாவதிலோ அந்த வலது கை தானாகவே அணைந்துவிடும். தம்பி பட்டத்துக்குப் போவான். நான் என்ன பார்த்தேன் என்று எந்த மனிதனுக்கும் தெரியப்போவதில்லை.

பேனா முனை பட்டையைத் தொடப்போனது. கொக்கு இன்னும் கோட்டைச்சுவர் உட்கார்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றேன். "இது யாரோட கை?"

"யாரோட கைன்னா? இவன்..." அவர் குனிந்து பார்த்தார்.

ஒரு மனிதனின் முகத்திலிருந்து இவ்வளவு சீக்கிரம் ரத்தம் இறங்கி நான் பார்த்ததில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். பரிசோதகர் பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "என்ன? என்ன ஆச்சு?" என்றார். வெட்டிய துணி சுருண்டு தரையில் விழுந்தபோதுதான் கொக்குக்கு விளங்கியது. தன் கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்க அந்தப் பக்கத்து ஆள்தானே?"

"ஆமா. என் தம்பிதான் உன்கூட ஆடப்போறான்."

"அப்புறம் ஏங்க்கா..."

"பேசாம கையை நீட்டு. நேரமாகுது."

புதுத் துணியில் பேண்டேஜ் அண்ணன் மறுபடி கட்டினார். இந்தத் தடவை கதை இல்லை. பார்வை கையை விட்டு நகரவில்லை. நான் பார்த்த கட்டுகளிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு மடிப்புக்கூட இல்லாமல், தோல் வளர்ந்து மூடியது மாதிரி இருந்தது. "மூடு," என்றார். அவன் மூடினான்.

தம்பியின் அறைக்குத் திரும்பினேன்.

"அவன் கை எப்படிக்கா?"

"நல்லா இருக்கு," என்றேன்.

சண்டையைத் தம்பி பிரமாதமாக ஆடினான். நான் அக்கா என்பதால் சொல்லவில்லை. முதல் ஐந்து ரவுண்டுகளில் கொக்கால் அவனை நெருங்கவே முடியவில்லை. தம்பி கொக்கின் இடதுபக்கமாகவே சுற்றி, அந்த வலது கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, உள்ளே புகுந்து இரண்டு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவான். ரிங்கின் மூலையில் வாளியும் துவாலையுமாக நின்றிருந்த எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

ஆறாவது ரவுண்டில் அது வந்தது.

அவ்வளவு பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர்தான் இருப்போம். குத்து என்பது கையிலிருந்து வருவதில்லை. கொக்கின் பின்னங்கால் குதி முதலில் திரும்பியது. அந்தத் திருகல் முழங்காலுக்கு ஏறி, இடுப்பைச் சுழற்றி, விலா வழியாகத் தோளுக்கு வந்து, தோள் அதைக் கைக்குக் கொடுத்தது. சவுக்கின் பிடியில் தொடங்கியது நுனிக்குப் போகப்போக வேகம் கூடுவது மாதிரி. எங்கேயும் ஒரு துளி சிந்தவில்லை. கட்டு அசையவில்லை. கை, மணிக்கட்டு, கட்டைவிரல் எல்லாம் ஒரே கட்டியாக வந்து தம்பியின் தாடையில் இறங்கியது. விழப்போவது என் தம்பி என்று தெரிந்தும், கடவுளே, எவ்வளவு அழகு என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

தம்பி விழுந்தான். நடுவர் எண்ணினார். எட்டு என்றபோது எழுந்துவிட்டான். மிச்சமிருந்த நான்கு ரவுண்டுகளையும் கால் பின்னப் பின்ன நின்றே முடித்தான், ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. தீர்ப்புப் புள்ளிகள் ஒரு புள்ளி வித்தியாசத்தில் அந்தப் பக்கம் போயின. கொக்கின் கையைத்தான் நடுவர் உயர்த்தினார்.

அறைக்கு வந்ததும் கோச் தம்பியின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போய்விட்டார். நான் அவன் கட்டுகளை வெட்டி எடுத்தேன். ஐஸ் பையைத் தாடையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் தன் வெறுங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவற்றை யாரும் கட்டப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"அக்கா," என்றான் வீங்கிய வாயால். "அந்த அடி... நான் அதைப் பார்க்கவே இல்ல. நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி வந்துச்சு? சொல்லு."

குதியிலிருந்து தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அது குதியில் தொடங்கியதல்ல. ஐஸ் பையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாமான் அறையிலிருந்து தொடங்கினேன். டீச்சர், பளுதூக்கி, கோட்டைச்சுவர், தனியாக நின்ற கட்டைவிரல், திறந்த பேனா, நான் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் பூசிமெழுகவில்லை.

அவன் ஐஸ் பையைக் கீழே இறக்கினான். என்னை அப்படி ஒரு பார்வை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

எழுந்து சுவர்வரை போனான். நெற்றியைச் சுவரில் வைத்து நின்றான். முதுகு ஏறி இறங்கியது. போய்த் தொடலாமா என்று தெரியாமல் நான் உட்கார்ந்தே இருந்தேன். வெளியே தாழ்வாரத்தில் யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு திரும்பாமலே கேட்டான்.

"அப்போ அவன் அடிச்சது... முழு அடிதான்?"

"முழு அடிடா. அதுக்கு மேல ஒருத்தனால அடிக்க முடியாது."

திரும்பி வந்து உட்கார்ந்தான். ஐஸ் பையை எடுத்துத் தாடையில் வைத்துக்கொண்டான்.

"அப்புறம்?" என்றான்.

குதி எப்படித் திரும்பியது, இடுப்பு எப்படிச் சுழன்றது, தோள் எப்படிக் கைக்குக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக, எழுந்து நின்று செய்து காட்டியபடியே சொன்னேன். யாரோ ஒரு பழைய வீரனின் கதையைக் கேட்பவன் மாதிரி கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தான். அடி இறங்கிய இடம் வந்ததும் தன்னையறியாமல் தாடையைத் தொட்டுக்கொண்டான்.

"அப்புறம்?"

"அப்புறம் நீ எந்திரிச்ச," என்றேன்.